கோதுமை வயலோரம் ஒரு டப்பா

அமெரிக்காவின் டென்வர் நகரத்திலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினால், மலைகள் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அதன் பிறகு வயல், வயல், வயல்தான். கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலை இது. ஊர் வருவதை அறிவிப்பது கோயில் கோபுரம் அல்ல, தானியக் கிடங்கின் கோபுரம். தாமஸ் கவுண்டியின் தலைநகரான கோல்பிதான் இந்தச் சுற்றுவட்டத்துக்குப் பெரிய ஊர். அங்கே வசிப்பவர்கள் ஐந்தாயிரம் சொச்சம் பேர். கோல்பியைத் தாண்டிச் சில நிமிடங்களில் மிங்கோ என்ற பலகை வருகிறது.

மிங்கோவில் பார்க்க எதுவுமில்லை. அருவி இல்லை, கோட்டை இல்லை. ஆனாலும் நெடுஞ்சாலையில் போகும் கார்கள் திடீரென்று வேகம் குறைத்து இந்த இடத்தில் இறங்குகின்றன. காரிலிருந்து இறங்கும் குடும்பம் ஆளுக்கொரு ஸ்மார்ட்போனைக் கையில் பிடித்தபடி வேலியோரம் குனிந்து எதையோ தேடுகிறது. சற்று நேரத்தில் ஒரு கூச்சல். நிலத்துக்குள் இறக்கி வைத்திருந்த ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளேயிருக்கும் நோட்டில் பெயர் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு, டப்பாவைப் பழையபடி மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிக் கண்டுபிடிப்பார்கள். பரிசு கிடையாது. கண்டுபிடித்தோம் என்பதுதான் பரிசு. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. அவற்றில், வைத்த இடத்தில் இன்றும் தொடர்ந்து தேடப்பட்டு வரும் மிகப் பழைய டப்பா என்ற பெருமை இந்த மிங்கோ டப்பாவுக்குத்தான். அது வைக்கப்பட்ட நாள் 2000-ம் ஆண்டு மே 11.

அந்தத் தேதிக்கு ஒரு பின்கதை உண்டு. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சமிக்ஞை நம் கைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதிலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுட்பமான விஷயம். அதனால்தான் எதிரி பயன்படுத்திவிடக் கூடாது என்று, பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் மட்டும் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிழை 100 மீட்டர் வரை போகும். நம் கணக்கில் சொன்னால், "நீ தேடும் பொருள் இந்த ஏழே முக்கால் ஏக்கருக்குள் எங்கோ இருக்கிறது" என்பதுதான் அந்தக் கருவி கொடுத்த பதில்.

2000-ம் ஆண்டு மே மாதம் 2-ம் தேதி அந்தக் கலப்படத்தை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் அல்மர் என்ற கணினிப் பொறியாளர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுப் பாதையோரம் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு உண்டிவில், ஒரு பீன்ஸ் டின். எண்களை இணையத்தில் போட்டார். ஒரே நிபந்தனை: ஏதாவது எடுத்தால் ஏதாவது வைக்க வேண்டும். சில நாட்களுக்குள் ஆட்கள் தேடிவந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழே முக்கால் ஏக்கராக இருந்த சந்தேகம் ஒரே இரவில் சில சென்ட்டாகச் சுருங்கியதன் விளைவு அது. அதற்கு 8 நாள் கழித்துத்தான் மிங்கோவில் இந்த டப்பா இறங்கியது. அல்மரின் வாளி நிலைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கோதுமை நாட்டு டப்பாதான் நிலைத்தது.

அன்று மிங்கோவைத் தேடி வந்தவர்கள் பட்ட பாடு வேறு. கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டுக் கணினியில் எண்களைப் பார்த்துத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணாகக் கருவிக்குள் அழுத்த வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் போச்சு. இந்த எண்களை எழுதும் முறையில் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர் தள்ளும். அதற்கு முந்தைய இலக்கம் மாறினால் பதினெட்டரை மீட்டர். நிமிடத்தில் ஓர் எண் தவறினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருவருடைய சோளக்காட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

2008-ல் ஐபோனுக்கான ஜியோகேச்சிங் செயலி வந்ததும் இந்த வேலையெல்லாம் ஒழிந்தது. பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எண்ணை அழுத்துவது, அச்செடுப்பது எதுவும் வேண்டாம். செயலியைத் திறந்தால் பக்கத்திலுள்ள டப்பாக்கள் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் எவ்வளவு பெரிய டப்பா என்று தெரியும்; கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம், நடக்கும் வழி எப்படி என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கடைசியாக வந்தவர்கள் எழுதிய குறிப்பும் இருக்கும்: நோட்டு நனைந்துவிட்டது, பென்சில் இல்லை, குளவிக் கூடு இருக்கிறது, பார்த்து வாருங்கள். டப்பாவை வைத்தவருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பிவிடலாம். துப்பு வேண்டுமென்றால் தொட்டுப் பார்க்கலாம். முன்பு அந்தத் துப்பை ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளிப்போட்டு மறைத்து எழுதுவார்கள். தேடுபவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தச் சுகம் போய்விட்டது என்று பழைய ஆட்கள் குறைப்படுவதும் உண்டு.

போன் எப்படி இவ்வளவு சீக்கிரம் இடத்தைச் சொல்கிறது என்பதிலும் ஒரு சூட்சுமம் உள்ளது. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை மிக மெதுவாகத்தான் அனுப்பும். ஒரு முறை சொல்லி முடிக்க 30 விநாடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய கருவி அதற்காகக் காத்துக்கிடந்தது. போன் அந்த விவரத்தை செல்போன் கோபுரம் வழியாக இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. டவர் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். முதல் முறை இடம் பிடிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான். "சிக்னல் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். இல்லை" என்று நம்மூரிலும் பலர் நினைக்கிறார்கள். இல்லாமல் போவது வரைபடம் மட்டுமே. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்தது. மேற்கு கன்சாஸுக்கு வருபவர்கள் கோல்பியில் காபி குடிக்கும்போதே இதைச் செய்துவிடுகிறார்கள். தெற்கே இறங்க இறங்க டவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இந்த மண்ணில் வழி தவறுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே நிலத்தை 19-ம் நூற்றாண்டிலேயே மைல் கணக்கில் கட்டம் போட்டுப் பிரித்துவிட்டார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862-ம் ஆண்டுச் சட்டப்படி, உழுது குடியிருக்க முன்வந்த குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட அளவு இதுதான். மைலுக்கு ஒரு மண்சாலை, நேர் வடக்கு தெற்காக, நேர் கிழக்கு மேற்காக. போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் கட்டத்துக்குள் பச்சை வட்டங்கள் தெரியும். நடுவில் போர்வெல், அதிலிருந்து கால் மைல் நீளத்துக்குச் சக்கரங்கள் மேல் நிற்கும் குழாய். அது கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறது. வட்டத்துக்கு வெளியே விடுபடும் நான்கு மூலைகளும் பெரும்பாலும் மானாவாரி.

ஆண்டு மழை 500 மில்லிமீட்டருக்கு முன்பின். செப்டம்பர், அக்டோபரில் கோதுமை விதைத்து, பனிக்காலம் முழுக்கத் தூங்கவிட்டு, ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ அறுக்கிறார்கள். அடுத்து சோளமோ மக்காச்சோளமோ. பிறகு ஈரத்தைச் சேமிக்க நிலத்தைத் தரிசாகப் போடுவது. அமெரிக்காவில் சோளம் அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான். நம்மூர் டெல்டாவுக்கு வெளிமாவட்ட அறுவடை இயந்திரங்கள் வருவதுபோல, இங்கேயும் டெக்சாஸில் தொடங்கி கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே ஏறிப்போகும் அறுவடைக் குழுக்கள் உண்டு. அவர்களுடைய இயந்திரங்களை ஓட்டுவதும் இதே செயற்கைக்கோள்தான். தரையில் ஒரு திருத்த நிலையத்தின் துணையும் சேர்ந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகுக்குள் டிராக்டர் தானே நேர்கோட்டில் போகும். வேலிக்கு இந்தப் பக்கம் டப்பா தேடும் குடும்பம், அந்தப் பக்கம் கைவிட்டு ஓடும் டிராக்டர். இருவருக்கும் ஆகாயத்தில் ஒரே வழிகாட்டி.

தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. பச்சை வட்டங்களுக்குத் தண்ணீர் தருவது எட்டு மாநிலங்களுக்கு அடியில் விரிந்துகிடக்கும் ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம். மழை ஊறுவதைவிட இறைப்பது பல மடங்கு அதிகம் என்பதால் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. 2013-ல் பக்கத்து ஷெரிடன் கவுண்டியிலும் தாமஸ் கவுண்டியின் ஒரு சிறு பகுதியிலுமாகச் சுமார் 99 சதுர மைல் பரப்பின் விவசாயிகள் தாங்களே பேசி, இறைப்பதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 55 அங்குலம், எந்த ஆண்டு எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். மழை நல்ல ஆண்டில் மிச்சம் பிடித்து, காய்ந்த ஆண்டில் செலவழிக்கலாம். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் செலவும் குறைந்ததால் கையில் நின்ற பணம் அடிபடவில்லை என்று கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியது. ஐந்து ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தத்தை அவர்களே நீட்டித்தார்கள். நம்மூரில் போர்வெல் ஆழத்தில் போட்டி போடும் கிராமங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

டப்பாவுக்கு வருவோம். மிங்கோவில் போனின் அம்புக்குறி சொல்லும் இடத்தில் நேராகப் போய்க் கைவைத்தவர்கள் குறைவு. திறந்த வானத்துக்குக் கீழே நல்ல போனுக்கே 5 மீட்டர் அளவுக்குப் பிசகு உண்டு. டப்பாவை வைத்தவரின் கருவியிலும் அதே அளவு பிசகு இருந்திருக்கலாம். அதனால் பழகியவர்கள் 10 மீட்டர் நெருங்கியதும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் வேலை கண்ணுக்குத்தான். புதியவர்கள் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார்கள். அம்பும் ஆடிக்கொண்டே இருக்கும். போனின் திசைகாட்டி ஒரு காந்த உணரி. காருக்குப் பக்கத்திலோ இரும்பு வேலிக்குப் பக்கத்திலோ அது குழம்பும். போனைக் காற்றில் எட்டு எழுதுவதுபோல இரண்டு மூன்று முறை சுழற்றினால் ஓரளவு தெளியும்.

கையை விட்டுத் துழாவுவது மட்டும் கூடாது. இது புல்வெளி நாட்டு விரியன் திரியும் பூமி. வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பி எச்சரிக்கும் ஜாதி. ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். காலில் குத்துவது என்னவென்று குனிந்து பார்த்தால் நெருஞ்சி முள். நம் வரப்பில் படரும் அதே நெருஞ்சிதான். கடல் தாண்டி வந்து இங்கே சைக்கிள் டயரைப் பதம் பார்க்கும் களையாகிவிட்டது.

செயலி வந்ததால் வந்த தொல்லையையும் சொல்லாமல் விட முடியாது. தனிக் கருவி வாங்கியவர் விளையாட்டின் ஒழுங்கையும் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கும்போது செயலியை இறக்கியவரும் அரை மணியில் வயலோரம் நிற்கிறார். அறுவடை நேரத்தில் தானிய லாரி திரும்பும் இடத்தில் காரை நிறுத்துவது, திறந்த வேலிக் கதவை மூடாமல் போவது, காய்ந்த தாளடியின் மேல் காரை ஏற்றுவது. சூடான புகைக்குழாய் பட்டால் காய்ந்த தாள் பற்றிக்கொள்ளும். காற்று நிற்காத இந்தச் சமவெளியில் தீ எத்தனை ஏக்கரைத் தின்னும் என்பது விவசாயிக்குத்தான் தெரியும். விளையாட்டுக்கு விதிகளும் உண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் டப்பா வைக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது. ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். மிங்கோ விதிகளுக்கு முந்தியது, அதனால் நிலத்துக்குள் இருப்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். பொது இடத்தில் வைத்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துப் போலீஸ் வந்த கதைகளும் உண்டு. வெளியே என்னவென்று பெரிதாக எழுதி வைக்கச் சொல்வது அதற்குத்தான். 2002 முதல் இன்னொரு நல்ல பழக்கமும் சேர்ந்திருக்கிறது. டப்பா தேடப் போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வெளியே கொண்டுவந்து போடுவது.

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் ஒரு கேள்விக்கும் மிங்கோவில் விடை இருக்கிறது: "போனில் நிலத்தை அளக்கும் செயலி வைத்து அளந்தேன். பக்கத்துக்காரர் நிலத்தில் என் இடம் இருப்பதாகக் காட்டுகிறது. கல்லைப் பிடுங்கி நடலாமா?" நடக் கூடாது. ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். அதில் ஒரு பக்க எல்லை 4 மீட்டர் தள்ளிக் காட்டினால் 254 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட்டுக்கு மேல் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். டப்பா தேடுபவருக்கு 4 மீட்டர் என்பது இரண்டு நிமிடம் கூடுதலாகத் தேடுவது. அண்ணன் தம்பிக்கு அது பத்து வருட வழக்கு. எத்தனை லிட்டர் மருந்து தெளிக்க வேண்டும், எவ்வளவு விதை வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடப் போன் போதும். எல்லைக்குப் புல வரைபடமும் சர்வேயரும்தான்.

ஆனால் இந்த விளையாட்டுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. டப்பா வைப்பவர் போனை நீட்டிய மாத்திரத்தில் எண்ணைக் குறித்துக்கொள்வதில்லை. சில நிமிடம் அசையாமல் வைத்து, பல அளவுகளின் சராசரியை எடுக்கிறார். வேறொரு நாள் வேறொரு நேரத்தில் மறுபடி வந்து எடுத்து ஒப்பிடுகிறார். போர்வெல் இருக்கும் இடம், மண் மாதிரி எடுத்த இடம், மண்ணுக்கடியில் பைப்லைன் திரும்பும் இடம், வால்வு புதைந்த இடம் ஆகியவற்றை இப்படிக் குறித்து வைத்தால், புல் மூடிய பிறகு கடப்பாரையோடு அலைய வேண்டியிருக்காது.

மிங்கோவை முடித்தவர்கள் அடுத்து ஓக்லி என்ற ஊருக்குப் போய்த் தெற்கே திரும்புகிறார்கள். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கடைசிப் பகுதி மண்சாலை. சமவெளியில் திடீரென்று வெண்மையும் மஞ்சளுமாகச் சுண்ணப் பாறைகள் 20 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. மானுமென்ட் ராக்ஸ் என்று பெயர். சுமார் எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இது. 1968-ல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் அரசாங்கப் பூங்கா அல்ல. மாடு மேய்க்கும் ஒரு குடும்பப் பண்ணையின் சொந்த நிலம். வாயிற்கதவு இல்லை, கட்டணம் இல்லை, காவலாளி இல்லை. ஏறக் கூடாது, எதையும் பெயர்த்து எடுக்கக் கூடாது, இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே தேட டப்பாவும் கிடையாது. டப்பாவுக்குப் பதில் பூமியையே பார்க்கச் சொல்லும் ஒரு வகை இந்த விளையாட்டில் 2004 முதல் இருக்கிறது. இம்மாதிரி இடங்களுக்கு அதுதான் பொருத்தம். போனில் கேள்விகள் வரும்: அடுக்குகளை எண்ணு, நிறம் எங்கே மாறுகிறது பார், தொட்டால் விரலில் என்ன ஒட்டுகிறது சொல். பதிலை நின்று பார்த்துத்தான் எழுத முடியும். டவர் இல்லாத இடம் என்பதால், கோல்பியில் காபியோடு கேள்விகளை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் பாறை நிழலில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மறந்தவர்கள் சும்மா சுற்றிப் பார்க்கிறார்கள். மாடுகள் பாறைகளுக்கு இடையில் மேய்ந்தபடி, வந்தவர்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்புகின்றன.